லியோனில் பத்து மணி

மார்ச் 5, செவ்வாய்

அனஸ் லியோனிலிருந்து அழைத்தான். இனி என் சந்திப்புகளையெல்லாம் அங்கிருந்தே என் கைப்பேசி நாள்காட்டியில் பதிந்துவிடுவானாம். "நீங்க எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம், உம்மா. மணியடிக்கும். கிளம்பிப் போங்க, அவ்வளவுதான்."

எழுபத்தாறு வயதில் எனக்குப் பள்ளிக்கூட மணி. முப்பத்தோரு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவள், எங்கே எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்பதை மகனின் சொடுக்கிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும். சரி என்றேன். வாதிட்டால் அது வேறொரு நோயின் அறிகுறியாகிவிடும்.

மார்ச் 10, ஞாயிறு

ரமலானுக்காக அரசாங்கம் ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் நாட்டின் கடிகாரங்களை நிரந்தரமாக முன்னே தள்ளியவர்கள், இந்த ஒரு மாதத்துக்கு மட்டும் மனம் இரங்குவார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை நான் அன்றும் தள்ளவில்லை, இன்றும் தொடவில்லை. அது பழைய மணியிலேயே ஓடுகிறது. மற்ற மாதங்களில் வெளியே கிளம்பும்போது மனத்துக்குள் ஒன்று கூட்டிக்கொள்வேன். எங்கள் ஊர் தெத்துவானில் என் வயதினர் பாதிப்பேர் அப்படித்தான். இந்த மாதம் ஊரே என் சுவருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மார்ச் 18, திங்கள்

கண் மருத்துவர். நாள்காட்டி ஒன்பது என்றது. ஒன்பதுக்குப் போய் நின்றேன். "பத்துக்குத்தானே, லல்லா பதூல்!" என்றாள் முன்னறைப் பெண், 'லல்லா' என்று மரியாதை சேர்த்து, ஆனால் குழந்தையிடம் பேசும் குரலில். பிறகு, என்னைக் கேட்காமலே, அனஸுக்கு அழைத்துச் சொல்லியிருக்கிறாள்.

மார்ச் 19, செவ்வாய்

பழைய நகரின் தூத் வாசலருகே கைப்பேசி பழுதுபார்க்கும் ஷுஐபிடம் போனேன். அரை நூற்றாண்டு வயது, கால் நூற்றாண்டு அனுபவம், பேச்சு மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு.

"லல்லா, இந்த நாட்டுல போனுக்கே தலை சுத்துது. ரமலானுக்கு ஒரு மணி, மத்ததுக்கு ஒரு மணி. அது என்ன பண்ணும், பாவம்!"

தானாக நேரம் மாறும் வசதியை அணைத்து, ஊர்ப் பெயரை அல்ஜியர்ஸ் என்று மாற்றிக் கொடுத்தான். நாள்காட்டி சரியானது, கைப்பேசிக் கடிகாரம் ஊரைவிட ஒரு மணி நேரம் முந்திக்கொண்டது. தலைவலி போய்த் திருகுவலி. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மறுபடியும் கண் மருத்துவர். நாள்காட்டி எட்டு என்றது. நேற்றே அனஸிடம் கேட்டேன். "நாள்காட்டில போட்டிருக்கேன், உம்மா, அதப் பாருங்க" என்றான். பார்த்தேன். போனேன். கதவு பூட்டியிருந்தது. நோன்புடன் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன், கூட்டுபவள் வந்து, யாரோ தொலைந்த கிழவி என்று நினைத்து என் கையைப் பிடிக்கும் வரை. சந்திப்பு பத்துக்கு.

ஏப்ரல் 3, புதன்

இன்று பேனாவை அழுத்தி எழுதுகிறேன், தாள் கிழிகிறது. கோபத்தால், வேறெதனாலும் அல்ல.

"போன மாசம் ஒரு மணி நேரம், இந்த மாசம் ரெண்டு. கூடிக்கிட்டே போகுது, உம்மா" என்றான் அனஸ். ஞாபக மருத்துவரிடம் ஏப்ரல் பதினைந்தாம் தேதிக்கு நேரம் வாங்கிவிட்டானாம். அவனே வந்து கூட்டிப் போவானாம். நான் தனியாக இருக்கலாகாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு லியோனுக்கு. முதியோர் இல்லம் ஒன்றின் படத்தாளும் அனுப்பியிருக்கிறான். குளம் இருக்கிறது. குளத்தில் வாத்துகள்.

எனக்கு எதுக்குடா வாத்து?

ஆனாலும் — எட்டு என்று நான் படித்தது உண்மைதானா? பத்தை எட்டாகப் படித்தேனா? இந்தக் கேள்வியை ஒரே ஒரு முறை எழுதுகிறேன். இனி எழுத மாட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

கண்டுபிடித்தேன்.

அனஸின் பதிவைத் திறந்து, கடைசி வரை கீழே இறக்கினேன். நேரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்ததுபோல் சின்ன எழுத்தில்: பாரிஸ். லியோனுக்கும் அதே மணிதான். நானே ஒரு பதிவு போட்டேன், அதே நாளில், பத்து மணிக்கு. அதன் கீழே: காஸாபிளாங்கா, நம் நாட்டு மணி. பிறகு கைப்பேசியின் ஊரைப் பாரிஸ் என்று மாற்றிப் பார்த்தேன். அவனுடைய எட்டு பத்தாயிற்று; என்னுடைய பத்து பன்னிரண்டாயிற்று. ஊரைத் திருப்பினேன், இரண்டும் திரும்பின. மூன்று முறை செய்தேன். ஒரு முறை நடப்பது சம்பவம், மூன்று முறை நடப்பது சோதனை என்று மாணவர்களுக்கு நான்தானே சொன்னேன்.

அவன் லியோனில் உட்கார்ந்து பத்து என்று பதிந்தால், இந்தக் கருவி அதை லியோனின் பத்தாகவே எடுத்துக்கொள்கிறது. ரமலானுக்கு முன் இரண்டு ஊருக்கும் ஒரே மணி, தவறு தெரியவில்லை. ரமலானில் நாம் பின்னே வந்தோம். ஒரு மணி வித்தியாசம். மார்ச் கடைசியில் ஐரோப்பா கோடைக்காகத் தன் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளியது, வித்தியாசம் இரண்டு மணி. ஆக, என் மூளையில் கூடிக்கொண்டே போகும் நோயின் பெயர் கோடைகாலம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

அனஸிடம் விளக்கினேன், தீர்க்கரேகையிலிருந்து தொடங்கி. நடுவிலேயே வெட்டினான்: "காரணம் தேடாதீங்க, உம்மா. எல்லார் போனும் ஒழுங்காத்தான் வேலை செய்யுது. டாக்டர் பாத்துச் சொல்லட்டும்."

நல்லது. டாக்டர் பார்க்கட்டும். மருத்துவமனைக்கு நானே அழைத்து நேரத்தைக் கேட்டுக்கொண்டேன். பத்து மணி. தெத்துவானின் பத்து.

ஏப்ரல் 13, சனி

வந்துவிட்டான். பருத்திருக்கிறான். அவனுடைய கைப்பேசி லியோன் நேரத்திலேயே பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. "ஆபீஸ் மீட்டிங் குழம்பக் கூடாதுல்ல. ரெண்டு கழிச்சா இங்க உள்ள மணி. ரொம்ப சுலபம்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டான். சரியாக இருந்தது.

ஏப்ரல் 14, ஞாயிறு

பெருநாள் முடிந்தது, விடிவதற்குள் அரசாங்கம் தன் ஒரு மணி நேரத்தை மறுபடி பிடுங்கிக்கொண்டது; லியோனோடு இனி ஒரு மணிதான் வித்தியாசம். அனஸ் நாளெல்லாம் தூங்கினான். இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

சுவரில் எட்டரை. ஊரில் ஒன்பதரை. ஜெல்லாபா அங்கியை மாட்டிக்கொண்டு கைப்பையை எடுத்தேன். அனஸ் புதினாத் தேநீரோடு உட்கார்ந்திருந்தான். கைப்பேசியைப் பார்த்து இரண்டு கழித்தான், சுவரைப் பார்த்தான். முகத்தில் இரக்கம் வழிந்தது.

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு, உம்மா. மறுபடியும் படியில உக்காரப் போறீங்களா?"

"உக்காருவேன். நீ குடிச்சிட்டு வா."

"சொன்னா கேக்கவும் மாட்டீங்க!" ஆனால் எழவில்லை.

மருத்துவர் பென்னூனா என்ற பெண், நாற்பது வயதிருக்கும், உதட்டில் சிரிப்பை அடக்கி வைத்திருப்பவர். இன்று என்ன கிழமை, என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள். கழித்தேன், இரண்டுக்கு வந்து நிற்கும் வரை. இப்போது மணி எத்தனை இருக்கும் என்றார்.

"சட்டப்படி பத்தே கால். என் வீட்டுச் சுவரில் ஒன்பதே கால். லியோனில் பதினொன்றே கால். மூன்றில் எது வேண்டும்?"

அடக்கிய சிரிப்பு வெளியே வந்தது. "எங்க அம்மாவும் இன்னும் பழைய மணிதான்" என்றார். கைப்பேசியைக் காட்டினேன், பாரிஸ், காஸாபிளாங்கா, இரண்டு பதிவுகளையும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தார்.

பதினோரு மணிக்கு மூச்சிரைக்க அனஸ் வந்தான். "கரெக்டா வந்துட்டேன்ல? பத்துதானே?"

மருத்துவர் அவனைப் பார்த்தார், தன் அறைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு மிகுந்த கனிவோடு கேட்டார்: "இது மாதிரி உங்களுக்கு அடிக்கடி நடக்குதா, ஸீ அனஸ்?"

நான் கைப்பையின் வாரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. சத்தியமாகச் சிரிக்கவில்லை.

தனியாக வாழத் தடையில்லை. முத்திரையோடு எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 16, செவ்வாய்

வாத்துப் படத்தாளில் அவரைத் தோலை மடித்து எறிந்தேன். நல்ல தடிமனான தாள்.

மே 9, வியாழன்

அனஸ் அழைத்தான்.

"கண் டாக்டர்கிட்ட அடுத்த நேரம் வாங்கணுமே, உம்மா."

"வாங்கியாச்சு. நானே பதிஞ்சும் வச்சாச்சு."

இழுப்பறையைத் திறந்து எதையோ தேடும் சத்தம். பிறகு கேட்டான்: "அங்க இப்ப மணி என்ன, உம்மா? ஊர் மணியச் சொல்லுங்க, உங்க சுவர் மணிய இல்ல."

சொன்னேன். பேனாவால் எழுதிக்கொள்ளும் ஓசை கேட்டது.