நான்கு குட்டைக் கால்கள்

மார்ச்சு 7, வெள்ளி

அவையோரே! அவை ஏது? இந்த அறையில் நானும் ஒரு மின்விசிறியும்தான். ஆயினும் சொல்வேன். இன்று என் தம்பியின் விளையாட்டைப் பறித்துவிட்டார்கள்.

கடைத்தெரு முனையிலுள்ள மதுக்கூடம் அது. நாங்கள் சிறுவராய் இருந்தபோது வந்த விளையாட்டுப் பொறிகள் அங்கே வரிசையாய் நிற்கின்றன. திரையில் விண்கலங்களைச் சுட்டு வீழ்த்துபவை ஒருபுறம்; கண்ணாடிக்கடியில் இரும்புக் குண்டு உருண்டோடும் பின்பால் மறுபுறம். மதுவிலக்கு மேடைகளில் தொண்டை கிழியப் பேசியவள், தம்பி அழைத்தானே என்று முதன்முறையாக உள்ளே நுழைந்தேன். "மாநாடு ஒண்ணும் இல்லக்கா. சும்மா வேடிக்கை பாரு" என்றான் வாசலிலேயே.

சக்கர நாற்காலியில் இருந்தபடி அவன் ஆடுவதற்காக முந்தைய மேலாளர் ஒரு பின்பாலுக்குக் குட்டைக் கால்கள் மாட்டிக் கொடுத்திருந்தார். வெள்ளிதோறும் அதில் போட்டி. அங்கே அவனைக் கண்டு இரங்குவோர் இல்லை, அஞ்சுவோரே உண்டு. இன்று போய்ப் பார்த்தால் பொறி நெடுங்கால்களில் நிமிர்ந்து நிற்கிறது! பக்கவாட்டுப் பொத்தான்கள் அவன் கைக்கு எட்டின. குண்டு எங்கே ஓடுகிறது என்பதுதான் தெரியவில்லை. முகத்துக்கு நேரே வெறும் மரப்பலகை.

புதிய மேலாளர் சிரித்த முகத்தோடு விளக்கினார். நின்று ஆடுவோருக்குக் குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறதாம். "சாருக்கு வேணா உயரமா ஒரு நாற்காலி போட்டு, தலையணை வச்சு உட்கார வைக்கிறோம் மேடம்."

தம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். ஏன், அவனுக்குக் காது இல்லையா?

மார்ச்சு 8, சனி

உறக்கம் வரவில்லை. தலையணையாம்!

மார்ச்சு 11, செவ்வாய்

பேசிவிட்டேன். மாலையில் தனியாகப் போய், அத்தனை பொறிகளின் இரைச்சலுக்கும் மேலே குரலெடுத்து, "நிற்பவர்க்கு மட்டுமா கண்கள்?" என்று தொடங்கினேன். கோப்பைகள் கீழிறங்கின. கைபேசிகள் மேலெழுந்தன. முடித்தபோது கூடமே கைதட்டியது. மேலாளரும் தட்டினார் — அந்த ஆளும்! தம்பியின் படத்தைச் சுவரில் மாட்டப் போவதாகவும், அவன் பெயரில் ஒரு சிறப்பு மாலை நடத்தப் போவதாகவும் அங்கேயே அறிவித்தார். மீண்டும் கைதட்டல். நானும் தலைவணங்கினேன்.

வீட்டுப் படியேறும்போதுதான் உறைத்தது. கால்களைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைதட்டலில் என்னைக் குளிப்பாட்டி அனுப்பி வைத்திருக்கிறார். எத்தனை மேடை கண்டவள் நான்!

மார்ச்சு 12, புதன்

தம்பி காணொளியைப் பார்த்துவிட்டான். அவன் வீட்டுக்குப் போனேன்; கதவைத் திறந்தவன் வா என்று சொல்லவில்லை.

"என்னைக் கேட்டியாக்கா?"

உனக்காகத்தானேடா பேசினேன் என்றேன்.

"எனக்காகவா? 'முடங்கிக் கிடக்கும் என் இளவல்'னு சொல்லியிருக்க. அங்க ஒருத்தரும் என்னை அப்படிப் பார்த்ததில்ல. இனிமே பார்ப்பாங்க. எனக்கு அந்த நாலு குட்டைக் கால் வேணும். கைதட்டு வேணாம்."

சினம் பொங்கியது. ஆம், அவன் மீதே! நன்றி கெட்டவன் என்ற சொல் பல்லிடுக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டு எழுந்து வந்தேன்.

அவன் முடங்கியா கிடக்கிறான்? காலையில் வேலைக்குப் போகிறான், மாலையில் ஊரையே ஆட்டத்தில் தோற்கடிக்கிறான். அந்த வரி எடுப்பாக விழும் என்று நான்தான் போட்டேன். விழுந்தது. கூடமே உச்சுக் கொட்டிச்சு. எனக்கும் இனிச்சுது. ச்சே, என்ன பொம்பள நான்?

மார்ச்சு 13, வியாழன்

தம்பியிடமிருந்து குறுஞ்செய்தி: "நாளைக்கு வா. வாயைத் திறக்காதே."

மார்ச்சு 14, வெள்ளி

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அடுத்த ஆட்டம் தனக்கென்பவர் ஆட்டத்துக்குரிய டோக்கன் வில்லையைப் பொறியின் கண்ணாடி மேல் வைத்துவிட வேண்டும். அவர் ஆடி முடிக்கும்வரை வேறெவரும் தொடலாகாது. மேலாளரே சுவரில் ஒட்டியிருக்கும் விதி.

தம்பி ஒவ்வொரு பின்பாலாக நாற்காலியை உருட்டிச் சென்று ஒவ்வொரு வில்லை வைத்தான். எதிலும் ஆடவில்லை. வெள்ளிக்கிழமைக் கூட்டாளிகள் அவனுக்குப் பின்னே தத்தம் வில்லைகளை அடுக்கினார்கள். அவர்களுள் பேருந்து ஓட்டும் அம்மையார் ஒருவர். கைகளைக் கட்டிக்கொண்டு, "தலைவருக்கு அடுத்து என் டோக்கன். அவரு ஆடாம நான் எப்படி ஆடறது?" என்றார். மேலாளர் இடுப்பு வலியைப் பற்றி எடுத்ததும், "எனக்கும்தான் வலிச்சுது. குனிஞ்சு ஆடினேன், செத்தா போயிட்டேன்?" என்று ஒரு போடு போட்டார்.

பின்பால் வரிசை முழுதும் ஓய்ந்து கிடந்தது. வந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். மேலாளரின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. அப்போதும் நேரே என்னிடம்தான் வந்தார், நான் சொன்னால் சார் கேட்பார் என்று. நாவின் நுனியில் ஒரு பேருரையே எரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேறு வழியின்றித் தம்பியின் முன் குனிந்து, என்ன வேண்டும் என்று அவனையே கேட்டார். அவன் சொன்னான். குட்டைக் கால்கள் கிடங்கில்தான் இருக்கின்றனவாம். நாளை ஆள் வந்ததும் பார்க்கலாமாம்.

தம்பி மடியிலிருந்த பைக்குள் கைவிட்டு ஸ்பேனரை எடுத்தான்.

"நாளைக்கு எதுக்கு சார்? ஸ்பேனர் இருக்கு, இத்தனை பேர் இருக்கோம். அந்தக் கால்களை எடுத்துட்டு வாங்க. அக்கா, நீ அந்த முனையைப் பிடி. ம், தூக்குங்க. இப்பவே."