வெப்பப் பட்டி வேண்டுமா?

மார்ச் 9, திங்கள்
காலையில் நெருப்பு வெயில், பின்னேரம் மழை. புவியியல் படம் இன்னும் வரையவில்லை.

கத்தாரிலிருந்து மாமாவின் பார்சல். சொக்லட், சவர்க்காரம், அக்காவுக்கு ஒரு வெப்பப் பட்டி. மேல்கையில் கட்டி ஓட வேண்டும். உள்ளே சின்ன சென்சர். உடம்புச் சூட்டை போனில் காட்டும். பச்சை என்றால் ஓடலாம். சிவப்பு என்றால் நிற்க வேண்டும்.

போன வருட வலயப் போட்டியில், மூவாயிரம் மீட்டர் கடைசிச் சுற்றில், அக்கா வெயிலில் விழுந்தாள். முதலுதவிக்காரர் "நங்கி, நம மொகத்த?" என்று சிங்களத்தில் பெயர் கேட்டார். அக்காவுக்குத் தன் பெயர் தெரியவில்லை. அதற்குப் பிறகு அம்மா ஓட விடவே இல்லை.

இன்று பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, இதக் கட்டிக்கிட்டு ஓடட்டும். செவப்பு வந்தா நிப்பாட்டிறணும். போனப் பாக்குறது சின்னவ பொறுப்பு."

சின்னவள் நான். வெள்ளிக்கிழமை போட்டி. அக்காவுக்கு இந்த வருடம் உயர்தர வகுப்பு முடிகிறது, பள்ளிக்கூடத்துக்காக ஓடும் கடைசி ஓட்டம்.

மார்ச் 10, செவ்வாய்
வெயில். முதல் சோதனை. றப்பர் மர நிழலில் பச்சை. தார் ரோட்டில் மஞ்சள். அக்கா இரண்டிலும் ஒரே மாதிரித்தான் மூச்சு வாங்கினாள். குறித்துக்கொண்டேன்.

றப்பர் பால் ஸ்டோர் வளைவில் அந்தப் புளித்த வாசனை. சின்ன வகுப்பில் இதே வழியில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். றப்பர் காய் வெடித்துக் கொட்டை தலையில் விழும். அக்கா முன்னால் ஓடிக்கொண்டே வாய்ப்பாடு கேட்பாள். "ஆறேழு?" "ஒம்பதாறு?" மூச்சிரைக்காமல் சொன்னால் ஓட்டம், தடுமாறினால் நடை. ஏழெட்டில் நான் எப்போதும் மாட்டுவேன். ஏழெட்டுக்குப் பிறகு எப்போதும் நடைதான். அந்த நடையில் எவ்வளவு கதை பேசினோம்! அடுத்த வருடம் இந்த வளைவில் நான் மட்டும்.

மார்ச் 11, புதன்
மேகமூட்டம். போனில் சிவப்பு!

கத்தினேன். தோட்டத்தில் றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த அம்மா வாளியை வைத்துவிட்டு ஓடி வந்தார். அக்காவுக்கு ஒன்றுமில்லை, திருதிருவென்று முழித்தாள். சட்டைக் கையைத் தூக்கினால் பட்டிக்கு மேல் பொலித்தீன்! மரத்துக்கு ரெயின்கார்ட் கட்டுகிற அதே பொலித்தீன், அதே மடிப்பு.

"நனைஞ்சா கெட்டுப் போயிரும்னு காலையில நான்தான் கட்டிவிட்டேன். வெட்டுப் பட்டையில மழத்தண்ணி எறங்காம கட்டுவோம்ல, அந்த மாதிரி."
"அம்மா, நான் என்ன மரமா?"
"மரம்னா சொன்ன எடத்துல நிக்கும்."

பிரித்ததும் பச்சை. பிறகு மழை பிடித்தது. அக்கா மேட்டில் ஏறி, முகம் சிவந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போனில் இன்னும் நல்ல பச்சை. அப்படியானால் பட்டி காட்டுவது மழையில் குளிர்ந்த தோலின் சூடு. உள்சூடு இல்லை.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அக்காவிடம் சொன்னேன். அவள் கெஞ்சினாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் வாய மூடிக்கிட்டு இரு. அம்மாக்கிட்ட சொன்னா என்னை விடவே மாட்டாங்க. ப்ளீஸ்டி."

சொன்னால் ஓட்டம் போகும். சொல்லாவிட்டால், பச்சையை நம்பி அக்கா மறுபடி விழுந்தால்?

மார்ச் 12, வியாழன்
சரியான புழுக்கம். அம்மா ரொட்டி தட்டும்போது சொல்லிவிட்டேன். பயிற்சிக்குப் பட்டி நல்லது, எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று பழகலாம். காவலுக்கு ஆகாது.

ரொட்டி ஒரு பக்கம் கருகிவிட்டது.

"அப்ப எத நம்பி விடுறது?"

போன வருடம் விழுவதற்கு முன்பே அக்காவுக்குத் தலை குழம்பியிருக்கும். அதனால் சுற்றுக்கொரு வாய்ப்பாடு கேட்கிறேன் என்றேன். தடுமாறினால் அம்மா உள்ளே போய் இழுக்க வேண்டும்.

"நானா?"
"நீங்கதான். நான் சொன்னா அக்கா நிக்க மாட்டா."
"நாளைக்குப் பேர் போயிருமே."

வேலைக்குப் போகாமல் ஒருநாள் பேர் போனால் சம்பளத்தில் குறையும். ஆனாலும் அம்மா பெட்டியிலிருந்து நீலச் சேலையை எடுத்து உதறினார். அக்கா என்னோடு பேச்சில்லை.

மார்ச் 13, வெள்ளி
ஒரு மேகம்கூட இல்லை. பட்டி என் பையில். அம்மா ஓடுபாதைக் கோட்டோரம், தேய்த்துக் கழுவிய பால் வாளியில் தண்ணீரோடு.

முதல் சுற்று. "ஆறேழு?"
"நாப்பத்திரெண்டு!" முறைப்போடு.

பக்கத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். "ஒலிம்பிக்ல கணக்கும் இருக்கா?" வெட்கமாகத்தான் இருந்தது. விடவில்லை. நடுச் சுற்றுகளில் முறைப்பு போய் விடை மட்டும் வந்தது. பிறகு விடையும் மெதுவாக வந்தது. ஆனால் சரியாக.

கடைசிச் சுற்று. அக்கா மூன்றாவது. போன வருடம் விழுந்த அதே வளைவு. முகம் கன்றிப்போய் இருந்தது.

"ஏழெட்டு?"

பதில் இல்லை. இன்னொரு தடவை கத்தினேன். இல்லை. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளைக் கோட்டுக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

அக்கா எங்களைக் கடக்கும்போது தலையைத் திருப்பினாள்.

"நீ சொல்லுடி!"

அம்மா சிரித்துக்கொண்டே காலை எடுத்தார். எனக்கு இன்றும் விடை வரவில்லை.