தோற்றால் ஊதும் சங்கு

நேற்று பெங்களூர் ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் செல்போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தார். தோற்றதும் அதிலிருந்து ஓர் ஊளைச் சத்தம் கிளம்பியது. "நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது. நீ செத்து மாதம் ஒன்றாகியும் என்னைக் கத்தவைக்கிறாய், மச்சான்.

தங்க வயலில் முதல் கம்ப்யூட்டர் செய்தவன் என்று உன் இரங்கல் கூட்டத்தில் ஒருவர் புகழ்ந்தார். என்ன கம்ப்யூட்டர்? பழைய இரும்புக் கடையில் நாம் பொறுக்கிய டெலிபோன் ரிலே சுவிட்சுகள், டார்ச் பல்புகள், ஒரு பிளைவுட் பலகை. கேள்விக்குச் சரியான சுவிட்சைத் தட்டினால் அடுத்த பல்பு எரிந்து, பலகையில் வரைந்த கேஜ், அதான் சுரங்கத்து லிப்டு, ஒரு லெவல் மேலே ஏறியதாகக் காட்டும். தப்பாகத் தட்டினால் எல்லா விளக்கும் அணையும். அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அதைவிடப் பெரிய அதிசயம் நம் சுரங்கக் குடியிருப்பான சாம்பியன் ரீப்ஸில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு அதை வைக்கலாம் என்றதும், பாட்டு சேர்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஜெயித்தால் ரிலே டேப் ரிக்கார்டரை ஓட்டும், என் தங்கை வாசித்த ஆர்மோனியம் கேட்கும். அது நம் இருவரின் வேலை. தோற்பவர்களுக்கென்று இன்னொரு ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்தது நீ மட்டும்.

"அதுல இன்னாடா வச்சிருக்க?" என்று கேட்டேன்.

"அப்பால பாரு மச்சான், அசந்துடுவ."

பண்டிகையன்று மத்தியானம் பாதிரியார்தான் முதலில் ஆடினார். இரண்டாவது கேள்வியிலேயே தோற்றார். ஒலிபெருக்கியில் சுரங்கத்துச் சங்கு ஊதியது.

ஷிப்டு மாறும் நேரம் தவிர அந்தச் சங்கு ஊதினால் கீழே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். விளையாட்டுக்கு வாயால் ஊதிக் காட்டினாலே நம் தொழிலாளர் லைனில் அடி விழும். உனக்கும் விழுந்திருக்கிறது. தெரிந்தேதான் அதைக் கூரைமேல் ஏறிப் பதிவு செய்திருக்கிறாய்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கடை போட்டிருந்த பெண்கள் போட்டது போட்டபடி, ஆட்கள் சுரங்கத்தில் இறங்கும் ஷாப்டை நோக்கி ஓடினார்கள். லைன் வீடுகளிலிருந்தும் ஓடினார்கள். அப்பா பகல் ஷிப்டில் கீழே இருந்தார். அடுப்பில் சோற்றை விட்டுவிட்டு வந்த அம்மா, கேட்டுக்கு முன்னால் தண்டவாளத்தில் தடுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

"ஒண்ணும் ஆவல, போங்கம்மா" என்று வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்தினார். யாரும் நகரவில்லை. தூக்கப்போன என் கையை அம்மா தட்டிவிட்டாள். "உங்கப்பன் மூஞ்ச பாக்காம வரமாட்டேன்." ஷிப்டு முடிந்து கேஜில் ஏறி வந்த அப்பா, அழுக்கு முகத்தோடு அவள் பக்கத்தில் குந்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஒப்புக்கொண்டாள். அதுவரை வலியில் புடவைத் தலைப்பைக் கடித்தபடி தரையிலேயே கிடந்தாள்.

அப்போது நீ வந்தாய். என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"பாத்தியா மச்சான், சவுண்டு எவ்ளோ கிளீனா வந்துச்சு! ஒருத்தராலயும் கண்டுபுடிக்க முடில."

அம்மா கடைசிவரை ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடந்தாள். நீ வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தச் சாய்ந்த நடையிலேயே போய்க் காபி கலந்து வந்தாள். நான் முறைத்தால், "உடு நைனா, வேணும்னே செஞ்சானா?" என்பாள். நீயும் கூச்சமில்லாமல் குடித்தாய். ஊரையே ஏமாற்றிய கதை என்று கிளப்பில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அந்தக் கதையில் அம்மா ஒருநாளும் வந்ததில்லை.

அவள் மன்னித்தது அவள் இஷ்டம். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது, வேண்டவும் வேண்டாம். இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை, "தப்பு பண்ணிட்டேன்டா" என்று அவளிடம் சொல்லியிருந்தால், உன் சவப்பெட்டியைத் தூக்க முதலில் என் தோள்தான் வந்திருக்கும். நீ சொல்லவில்லை, நானும் தோள் கொடுக்கவில்லை. இப்போது இந்தக் கோபத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறேன். உன்னைத் தூக்கியிருந்தால் கல்லறையிலேயே இறக்கி வைத்திருப்பேன்.