கடைசி வரிசையில் ஓர் உதை

மார்ச் 3

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீயும் நலம்தான், உங்கள் காபரேயின் புதுச் சுவரொட்டியில் பார்த்தேன். உன் தலையில் மூன்றடி உயர இறகுக் கிரீடம், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு புது டிரம்மர். இத்தனை வருடம் நீ மேடையில் விழுந்து சிரிக்கவைக்கும்போதெல்லாம் டிரம் அடித்தேனே, என் மூக்கு நுனியாவது எந்தச் சுவரொட்டியிலாவது வந்ததா?

மணிக்கட்டு வீங்கிப் படுத்தேன். திரும்பி வந்தால், இசை நோட்ஸ் படிக்கத் தெரிந்தவனை உட்காரவைத்துவிட்டு, "ஆளுக்குப் பாதி வாசிங்க" என்கிறார் உங்கள் பேண்டு மாஸ்டர். நானாகக் கேட்டு, நானாக அடித்துக் கற்றவன். பாதி ஆளாக உட்கார மாட்டேன். "இவர் அடிச்சாத்தான் எனக்கு விழவே வருது" என்று மேடையில் அவனைப் புகழ்ந்தாயாமே. வாழ்க.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணா,

மேடையில் நாற்காலியைக்கூடப் புகழ்வேன். அது என் பிழைப்பு. உன் பொறாமைக்கு டிக்கெட் போட்டு விற்றால் எங்கள் கொட்டகை காலியாகிவிடும். சனிக்கிழமைக்கு முன்வரிசை டிக்கெட் வைத்திருக்கிறேன். வா.

தங்கை


மார்ச் 12

டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிறேன். அவன் அடிக்க நீ விழுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்து?

அண்ணன்


மார்ச் 17

அண்ணா,

சனிக்கிழமை நடந்ததைக் கேள். படிக்கட்டின் உச்சியில் நின்று, "ஐயோ, என் கிரீடம்!" என்று அலறினேன். டிரம்மில் அடி விழுந்ததும் நான் உருள வேண்டும். புது டிரம்மர் குச்சியை ஓங்குவதற்குள் கடைசி வரிசையில் யாரோ தரையை ஓங்கி உதைத்தார்கள். என் உடம்பு அதற்கே விழுந்துவிட்டது! நான் கீழே வந்து சேர்ந்த பிறகுதான் அவன் டிரம் 'டமார்' என்றது. அவன் முழித்த முழியில் சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"யாரும்மா அந்த ஆளு?" என்றார் மாஸ்டர்.

"எங்கண்ணன் கால் எனக்குத் தெரியாதா, மாஸ்டர்?"

அவன் நல்லவன், அண்ணா. "படிக்கட்டுக் காட்சியை அண்ணனே வாசிக்கட்டும்" என்று அவனாகவே சொல்கிறான். வருவாயா?

தங்கை


மார்ச் 20

தங்கைக்கு,

அது நான் இல்லை. திருப்பி அனுப்பிய டிக்கெட்டுக்குப் பதில் காசு கொடுத்து வேறு வாங்கி வர எனக்குப் பைத்தியமா? உதைத்தவன் யாரோ, சரியான இடத்தில்தான் உதைத்திருக்கிறான்.

நீ மறுபடியும் இடது முழங்கையை ஊன்றி விழுந்தாய். எத்தனை தடவை சொல்வது? தைலம் தேய்.

அந்தப் புது டிரம்மர் என் முக்காலியைத் திருகி உயர்த்தியிருக்கிறான். வெள்ளிக்கிழமைக்குள் இறக்கிவைக்கச் சொல். பாட்டெல்லாம் அவனே வைத்துக்கொள்ளட்டும். நீ விழுகிற அடியில் மட்டும் யாருக்கும் பங்கு கிடையாது.

உன் அண்ணன்