சிட்னி போய்ச் சேரும்வரை பெருக்காத வீடு

என் அன்பு அம்மா,

நீ போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் தொலைவு கேட்க ஆளில்லை. நில அளவைத் துறையில் இத்தனை ஆண்டுகள் இருக்கிறேன். ஆனால் நீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு தொலைவைத்தான்: சென்னை விமான நிலையத்திலிருந்து தம்பி இருக்கும் சிட்னிக்கு.

அவன் விடுமுறைக்கு வந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் கேட்பாய். "வான்வழியே ஒன்பதாயிரத்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்" என்பேன். "அது கெடக்கட்டும்லே, எம்புட்டு நேரம்?" என்பாய். பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு என்று விளக்குவேன். சிங்கப்பூரில் காத்திருப்பதையும் சேர்த்துப் பதினாறு மணி நேரம் என்று முடிப்பேன். "அப்ப நாளைக்குப் பெருக்கலாம்" என்று துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவாய்.

ஊருக்குப் போனவர் போய்ச் சேரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது என்பது உன் விதி. விதிகளை மதிப்பவன் நான். தம்பி பிள்ளைகள் உரித்துப் போட்ட மிட்டாய்க் காகிதங்களைத் தாண்டித் தாண்டியே நடந்தேன்.

எனக்கு? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து கிளம்பிய அன்று தெருமுனைகூடத் திரும்பவில்லை, முதுகுக்குப் பின்னால் துடைப்பச் சத்தம். திரும்பி வந்தேன்.

"ஏம்மா, நான் இன்னும் போய்ச் சேரலையே?"

"ஏலே, பழனி என்ன பரதேசமா? இந்தாருக்கு. குப்பைய மிதிச்சுக்கிட்டு நிக்காம போயிட்டு வா."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்: "மூத்தவருக்கும் ஒரு பிளேன் புடிச்சுக் குடுங்க ஆத்தா!"

நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது, அம்மா. பழனிக்கு நடக்க இரண்டு நாள். நேரம்தான் கணக்கு என்றால், அந்தக் குப்பை எனக்காக அல்லவா கூடுதலாகக் கிடந்திருக்க வேண்டும்? அல்லது கடல் தாண்டியவன்தான் பயணி என்று உன் விதியில் ஏதேனும் உட்பிரிவு இருந்ததா?

செய்தி சொல்கிறேன். தம்பி புது வீடு புகுகிறான். மூத்தவன் வந்து நிற்க வேண்டுமாம். வியாழக்கிழமை நான் சிட்னிக்குக் கிளம்புகிறேன்.

நேற்று உன் மருமகள் கேட்டாள்: "ஏங்க, போய்ச் சேர எம்புட்டு நேரமாகும்?"

"எதற்கு?"

"வீடு பெருக்கணும்ல. அத்தை இருந்தா கேட்டிருப்பாங்க."

ஐம்பது வயதில் முதன்முறையாக எனக்காக ஒருவர் அதைக் கேட்டார். பதினாறு என்று சொல்லியிருக்கலாம். முப்பது என்றேன்.

பொய்யில்லை. தம்பிக்கு விமான நிலையத்திலிருந்து விமான நிலையம்வரை அளந்தோம். எனக்கு நம் வாசற்படியிலிருந்து அவன் வாசற்படிவரை அளந்தேன். சென்னைவரை ரயிலில் போவதும் பயணம்தானே?

"முப்பதா? கொழுந்தனாருக்கே அம்புட்டு இல்லையே!" என்றாள்.

"இல்லை" என்றேன். அந்த ஒரு சொல்லை உன் காதில் போடத்தான் இந்தக் கடிதம்.

அவள் துடைப்பத்தைத் தொட மாட்டாள். நீயும் அவசரப்படாதே, அம்மா. அவன் வாசற்படியில் கால் வைத்ததும், அவளுக்குச் சொல்வதற்கு முன்பே உனக்குச் சொல்லிவிடுகிறேன், இனிப் பெருக்கலாம் என்று.

இம்முறை தொலைவாகவே போகும்
உன் மூத்த மகன்