மணிக்குத் திரும்பினாள்

ஆர்.கே.புரம்,
பிப்ரவரி 1997

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். லடாக் முகாமில் பனி குறைந்ததா?

சிந்துவை நேற்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வயதாகப் போகிறதே, இன்னும் பேச்சு வரவில்லையே என்றுதான். வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, அதனால் குழந்தை குழம்புகிறது என்று மாடிவீட்டு மாமி சொன்னதை நம்பி, தினமும் நாக்கில் வசம்பு தடவிக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மா அவள் முதுகுக்குப் பின்னால் சின்ன மணியை ஆட்டினார். சட்டென்று திரும்பினாள். காது நன்றாகக் கேட்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது.

பிறகு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னார். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். "சிந்துக்குட்டி, அம்மாவைப் பாரும்மா" என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அவள் அந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டியதைக் கை நீட்டிக் காட்டுவாளா என்று டாக்டரம்மா கேட்டார். "காட்டறதுக்கு முன்னாடியே நானே எடுத்துக் குடுத்துடுவேன்" என்றேன். அதை அவர் எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்.

பயப்படும்படி ஒன்றும் இல்லை. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ஒன்றே ஒன்று. லீவில் வரும்போது, வழக்கம்போல வாசலில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நேரே உள்ளே வந்து தூக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
அவள் அம்மா