அமுக்காத பட்டன்

எலப்புள்ளி,
ஆடி மூன்றாம் வெள்ளி.

என் செல்ல மகள் பவ்யாவுக்கு அப்பா சின்னையன் எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளை நிகிலும் கடல் தாண்டிப் போன சீமையில் நோய்நொடி அண்டாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சண்டை போட்டாலும் அன்றைக்கே தீர்த்துக்கொண்டு இருக்கப் பழனியாண்டவன் துணையிருப்பான். இங்கே நான் நலம் என்றுதான் அடுத்த வரி வரவேண்டும். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதக்கூடாது என்று முடிவு பண்ணி உட்கார்ந்திருப்பதால் பாதி நலம் என்று வைத்துக்கொள், மீதியைப் போகப்போகச் சொல்கிறேன். தினமும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எப்படி இருக்கீங்கப்பா என்று கேட்டதும், எனக்கென்ன அம்மிணி ஜம்முனு இருக்கறேன் என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு அதை எப்படி மாற்றுவது. காகிதத்துக்கு அந்த அவசரம் இல்லை. எழுதி முடித்ததும் பஞ்சாயத்திலிருந்து முதியவர்களைப் பார்க்க வருகிற நர்ஸ் ஜெஸ்னாவிடம் கொடுத்துப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்வேன். அவளுக்குத் தமிழ் பேசினால் புரியும், படிக்கத் தெரியாது, அதனால் தைரியமாக எதையும் எழுதலாம்.

ஆடிக் காற்று இந்த வருஷம் பேய்க் காற்றாக அடிக்கிறது. கிழக்கு மூலையில் நிற்கும் தென்னையிலிருந்து மட்டை விழுந்து கூரையில் ஓடு உடைந்தது, பக்கத்து வீட்டு ஆறுச்சாமி ஏறி மாற்றிக் கொடுத்தான். நீ அனுப்பிய பெட்டியில் இருந்த சாமான்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டிருந்தாய். வயசானவர்களின் கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் தோதாகச் சாமான்களை வடிவமைப்பதுதான் என் மகளின் வேலை என்று ஆறுச்சாமியின் பெண்டாட்டி மயிலாத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன். அதற்கு அவள், வயசே ஆகாம இருக்கற மாதிரி ஏதாச்சும் செய்யச் சொல்லுங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தடித்த பிடி போட்ட கரண்டியைப் பார்த்ததும், சோற்றைக் கையால் தின்கிறவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன், இப்போது குழம்பு கிண்டுவது அதில்தான். விரல் மூட்டு வலிக்கிற நாளில் அது தானாக உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்கிறது, உன்னை மனசுக்குள் மெச்சினேன். மாத்திரை டப்பாவில் மட்டும் கோட்டை விட்டுவிட்டாய் கண்ணு. கிழமைக்கு ஒற்றை இங்கிலீஷ் எழுத்துப் போட்டிருக்கிறாய், அதில் டி இரண்டு இருக்கிறது, எஸ் இரண்டு இருக்கிறது. செவ்வாயா வியாழனா என்று தினம் ஒரு பட்டிமன்றம். கடைசியில் செவ்வாய்க்குக் குங்குமமும் சனிக்கு மையும் தொட்டு வைத்துவிட்டேன்.

குளியலறைச் சுவரில் நீ சொன்ன உயரத்தில் ஆள் வைத்துப் பதித்த கம்பியில் முதலில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஜெஸ்னா பார்த்துவிட்டு, அச்சா இது தோர்த்து இடானல்ல, பிடிக்கானாணு என்று, இது துண்டு போட இல்லை பிடித்துக்கொள்ள என்று மலையாளத்தில் திட்டினாள். கம்பியைப் பிடிங்க, கம்பியைப் பிடிங்க என்று பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் பஸ்ஸில் ஊரையே அதட்டிய கண்டக்டர் நான், சொந்த வீட்டில் கம்பியைப் பிடிக்க வெட்கமாக இருந்தது. இப்போது பிடிக்கிறேன். பாட்டில் மூடி திறக்கிற ரப்பரும் நன்றாகத்தான் வேலை செய்கிறது. முன்னெல்லாம் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு ஆறுச்சாமி வீட்டுக்குப் போவேன், அவன் திறந்து கொடுத்துவிட்டு உக்காருங்கண்ணா என்பான், ஒரு டீ வரும், கொஞ்சம் அரசியல் பேசுவோம். இப்போது நானே திறந்து நானே மூடிக்கொள்கிறேன். குறையாகச் சொல்லவில்லை, நடப்பதைச் சொன்னேன்.

இனி பட்டனுக்கு வருகிறேன், கடிதமே அதற்காகத்தான். கழுத்தில் தொங்குகிற அந்தப் பட்டன் உன் ஆபீசில் முழுக்க முழுக்க உன் யோசனையில் உருவான முதல் பொருள் என்றும், கடைக்குப் போகும் முன் பல ஊர் முதியவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறீர்கள் என்றும் சொன்னாய். அமுக்கினால் உன் போனும் ஆறுச்சாமி போனும் அலறும். எப்போது அமுக்க வேண்டும் என்றும் நீ விளக்கமாகச் சொன்னாய், நானும் தலையாட்டினேன். ஆனால் ஆயுசு பூராவும் மணிக்கயிற்றை இழுத்த கை இது. ஒற்றை மணி என்றால் வண்டியை நிறுத்து, இரட்டை மணி என்றால் எல்லாம் சரி, போகலாம். பட்டன் வந்த அன்றைக்குச் சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன், மகள் அங்கே கவலைப்பட்டுக்கொண்டிருப்பாளே, இங்கே எல்லாம் சரி, நீ உன் வேலையைப் பார் என்று சொல்லலாம் என்று நினைத்து இரண்டு தடவை அமுக்கினேன். அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். ஆறுச்சாமி கடப்பாரையோடு வந்து பின்கதவுத் தாழ்ப்பாளைப் பெயர்த்தான், மயிலாத்தா மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள், தெருவில் போனவன் வந்தவன் எல்லாம் உள்ளே நுழைந்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

அவர்கள் சிரித்துவிட்டுத்தான் போனார்கள். வந்ததுக்கு டீயாவது குடிச்சுட்டுப் போறோம் என்று மயிலாத்தாவே அடுப்பைப் பற்றவைத்தாள். உன் அம்மா போன பிறகு இந்த வீட்டில் அத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான், உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகும்போது ஆறுச்சாமி, புலி வருது கதை ஆக்கிப்போடாதீங்கண்ணா என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான், எனக்குத்தான் சுருக்கென்று குத்தியது. நீ மீட்டிங்கிலிருந்து எழுந்து ஓடிவந்து போனில் அழுதாய். இனிமே நெசமாவே ஏதாச்சும் ஆனா மட்டும் அமுக்குங்கப்பா என்றாய், சரி என்றேன். நிஜமாகவே ஏதாவது ஆவது என்றால் எவ்வளவு ஆவது என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் காலையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பாசி வழுக்கி விழுந்தேன். இடுப்பு தப்பித்தது, இடது கணுக்கால் மடங்கிவிட்டது. எழப் பார்த்தேன், முடியவில்லை. தூறல் வேறு. பட்டன் நெஞ்சின் மேல்தான் கிடந்தது, கட்டைவிரலை அதன் மேல் வைத்தேன். நீ விரல் உட்காரக் குழி விட்டிருக்கிறாயே, கண்ணால் பார்க்காமலே விரல் அங்கே போய்ச் சேர்ந்தது. அமுக்கவில்லை. ஆறுச்சாமி கஞ்சிக்கோட்டில் வேலையில் இருப்பான், மறுபடியும் இந்தக் கிழவனா என்று மேஸ்திரி முன்னால் அவன் தலையில் அடித்துக்கொள்வான் என்று நினைத்தேன். உனக்கு விடிந்தும் விடியாத நேரம், தூக்கிவாரிப்போட்டு எழுந்து என்ன செய்வாய், அங்கிருந்து பறந்தா வருவாய் என்று நினைத்தேன். மூச்சு இருக்கிறது, ரத்தம் இல்லை, இது நிஜமாகவே ஏதாவது ஆனதில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். பொள்ளாச்சி ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது. கூட்டத்தில் எத்தனை பேர் காலை மிதித்து எத்தனை பேரிடம் திட்டு வாங்கியவன் நான், இப்போது திட்டுவதற்குக்கூட ஒருவர் இல்லையே என்று அழுகை வந்தது. நனைந்துகொண்டு அழுதேன் கண்ணு, இதை யாரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் கறிவேப்பிலை பறிக்க வந்த மயிலாத்தாதான் பார்த்தாள். ஏனுங்கண்ணா, கழுத்துல அதைத் தொங்கவிட்டுக்கிட்டு இப்படியா கெடப்பீங்க என்று கத்தினாள். அமுக்கினேன் ஆத்தா, கெட்டியாக இருந்தது, விரலுக்கு இடம் கொடுக்கவில்லை என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதை அவள் உன்னிடம் சொல்ல, நீ என்னைக் கேட்க, நானும் ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நீ பேசிய பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் செஞ்சது எங்கப்பாவுக்கே உதவலை, இதை ஆபீசில் சொல்லி நிறுத்தச் சொல்லப்போறேன், இன்னும் மெதுவா அமுங்கற மாதிரி மாத்தணும் என்றாய். அதுவரைக்கும் நான் தனியாக இருக்கக் கூடாது, பாலக்காட்டில் நல்ல விருத்தசதனமாக, அதுதான் முதியோர் இல்லம், பார்த்து விசாரித்து வைத்திருப்பதாகவும் சொன்னாய். உன் குரலில் அப்படி ஒரு தோல்வி. பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்தபோதுகூட நீ அப்படிப் பேசவில்லை.

பவ்யா, உன் பட்டனில் ஒரு குறையும் இல்லை. புரண்டு படுத்தால் அடித்துவிடக் கூடாது, நடுங்குகிற விரல் தொட்டாலும் அடிக்காமல் இருந்துவிடக் கூடாது, அந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் அழுத்தத்தைக் கண்டுபிடிக்க எத்தனை மாதம் அலைந்தேன் என்று நீதானே சொன்னாய். அதைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறாய். என் பேச்சைக் கேட்டு இன்னும் லேசாக்கினால், எந்த ஊரிலோ ஒரு கிழவி தூக்கத்தில் புரண்டதற்கு அவள் மகன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவான், இரண்டு தடவை அப்படி ஆனால் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கெட்டியாக இருந்தது உன் பட்டன் இல்லை, நான்தான். உன் ஆபீசில் போய், பொருள் சரியாக இருக்கிறது, எங்கப்பா அமுக்கவே இல்லை என்று சொல். ஏன் அமுக்கவில்லை என்று அவர்கள் கேட்டால், தொந்தரவு கொடுக்கப் பயந்துகொண்டார் என்று சொல். என்னை மாதிரி ஆட்கள் அந்த ஊரிலும் இருப்பார்கள், அவர்களுக்கும் விரல் நன்றாகத்தான் இருக்கும்.

விருத்தசதனத்தைப் பற்றி நீ கோபத்தில் சொன்னாயா யோசித்துச் சொன்னாயா தெரியவில்லை. போகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. அங்கேயாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட நாலு பேர் இருப்பார்கள் என்று ஒரு மனசு சொல்கிறது, உன் அம்மா புழங்கிய வீட்டைப் பூட்டிவிட்டுப் போக இன்னொரு மனசு ஒப்பவில்லை. அதை நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். ஆறுச்சாமியிடம் மட்டும் நேற்று அவன் வீட்டுக்கு வந்தபோது, மேஸ்திரிக்குப் பயந்தது உட்பட உண்மையை நானே சொன்னேன். அவன், உங்களைவிடப் பெரிய மேஸ்திரி எனக்கு யாருங்கண்ணா இருக்கறான் என்று கேட்டான்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். கம்ப்யூட்டர் முன்னாலேயே கூன் போட்டு உட்காராதே, ஊரார் முதுகுக்கு நாற்காலி யோசிக்கிறவள் உன் முதுகையும் யோசி. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கறிவேப்பிலைப் பொடியும் வடுமாங்காயும் கட்டி வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்துவிடுகிறேன். அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, நீ கைவைக்கிற காரியம் எல்லாம் விளங்கும். மறக்காமல் ஆபீசில் சொல்லிவிடு. இன்னொன்றும் சொல்லவேண்டும். கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது என்று நேற்றுச் சொன்னேன் அல்லவா, வற்றவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் அடுப்படிக்குப் போகிறேன். லீவு கிடைக்குமா, டிக்கெட் எவ்வளவு என்றெல்லாம் இந்தத் தடவை நான் யோசிக்கப்போவதில்லை. ஒரு தடவை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போ அம்மிணி. விழுந்த அன்றைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டியது, இன்றைக்குக் கூப்பிடுகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா
சின்னையன்